முப்பது கோடி டாலர் பட்டனும் ஒரு சின்னப் புத்தகக் கடையும்

ஆன்லைன் கடையை எப்படி மேம்படுத்துவது, எப்படி மார்க்கெட்டிங் செய்வது என்று யார் எழுதினாலும் சில கதைகள் கட்டாயம் வந்துவிடும். ஒரே ஒரு பட்டனை மாற்றி வருஷத்துக்கு முப்பது கோடி டாலர் கூடுதலாகச் சம்பாதித்த கடை. பக்கம் 100 மில்லிசெகண்ட் தாமதமானால் 1% விற்பனையை இழக்கும் அமேசான். 24 வகை ஜாம் வைத்தால் விற்காது, 6 வகை வைத்தால் பறக்கும் என்ற சூப்பர் மார்க்கெட் கதை. யூடியூப் வீடியோ, ஏஜென்சிக்காரர் கொண்டுவரும் ஸ்லைடு, எதை எடுத்தாலும் இதே மூன்றுதான்.

இந்தக் கதைகள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இவற்றின் மூலத்தைத் தேடிப் போனால், நமக்குச் சொல்லப்படுகிற வடிவத்துக்கும் அங்கே இருப்பதற்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கு. அந்த இடைவெளியில் பணத்தை விடுவது பெரிய நிறுவனங்கள் இல்லை. ஒரு நாளைக்கு இருநூறு பேர் வந்து போகிற தமிழ்ப் புத்தகக் கடை, கைத்தறிப் புடவைக் கடை, வீட்டிலிருந்து மசாலாப் பொடி விற்பவர், இவர்கள்தான். அதனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

பட்டன் கதை

ஜாரெட் ஸ்பூல் என்ற பயன்பாட்டு வடிவமைப்பு ஆலோசகர் 2009 ஜனவரியில் எழுதிய கட்டுரைதான் இது பரவக் காரணம். கதை சுருக்கமாக: ஒரு பெரிய கடை. பொருட்களை கார்ட்டில் போட்டு செக்அவுட் போகும்போது ஒரு படிவம் வரும். இமெயில், பாஸ்வேர்டு என்று இரண்டு கட்டம். லாகின், ரெஜிஸ்டர் என்று இரண்டு பட்டன். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு ஒரு இணைப்பு. அவ்வளவுதான். புதிதாக வந்தவர்களுக்குப் பதிவு செய்யச் சொன்னாலே எரிச்சல். பழைய வாடிக்கையாளர்களுக்கோ எந்த இமெயில், எந்த பாஸ்வேர்டு என்றே ஞாபகம் இல்லை. 45% வாடிக்கையாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 1,60,000 பேர் பாஸ்வேர்டு கேட்டார்கள், அதில் 75% பேர் அதற்கப்புறம் வாங்கவே முயலவில்லை. ரெஜிஸ்டர் பட்டனை எடுத்துவிட்டு, கணக்கு இல்லாமலே வாங்கலாம் என்ற குறிப்போடு ‘தொடரவும்’ என்று ஒரு பட்டன் வைத்தார்கள். வாங்குவோர் எண்ணிக்கை 45% ஏறியது. முதல் மாதம் 1.5 கோடி டாலர், முதல் வருஷம் 30 கோடி டாலர் கூடுதல்.

இப்போது ஒரு காகிதத்தை எடுத்து எளிய கணக்குப் போடலாம். 45% உயர்வுதான் 1.5 கோடி டாலர் என்றால், அதற்கு முந்தைய மாத விற்பனை சுமார் 3.3 கோடி டாலர். ஒரு ஆர்டர் சராசரியாக 50 டாலர் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். மாதம் 6.6 லட்சம் ஆர்டர், நாளைக்கு 22,000. 100 டாலர் என்றால் நாளைக்கு 11,000. ஆனால் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கேட்டவர்கள் நாளைக்கு 1,60,000! வாங்கியவர்களைப் போல ஏழு முதல் பதினான்கு மடங்கு. அவர்களில் வாங்காமல் போனவர்கள் 1,20,000. பட்டனை மாற்றியதும் கூடுதலாக வந்த ஆர்டரோ நாளைக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோதான். மிச்சம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எங்கே போனார்கள்?

இதற்கு விளக்கம் இருக்கலாம். ஒரே ஆள் பல முறை கேட்டிருக்கலாம், பாஸ்வேர்டு கேட்டவர்களில் பாதிப் பேர் வாங்கவே வராமல் பழைய ஆர்டரைப் பார்க்க வந்திருக்கலாம். ஆனால் கட்டுரையில் அந்த விளக்கம் இல்லை. பழைய படிவத்தையும் புதிய படிவத்தையும் ஒரே நேரத்தில் பாதிப் பாதிப் பேருக்குக் காட்டி ஒப்பிட்டதாகவும் இல்லை. முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு என்பதுதான். அந்த மாதம் பண்டிகை மாதமா, விளம்பரம் ஓடிய மாதமா என்று படிப்பவருக்குத் தெரிய வழியில்லை. முதல் மாத 1.5 கோடியைப் பன்னிரண்டால் பெருக்கினால் 18 கோடிதான் வரும், 30 வராது. கடையின் பெயரும் கட்டுரையில் சொல்லப்படவில்லை.

இருந்தாலும் கதையின் உள்ளே இருக்கும் கவனிப்பு உண்மையானது. ஸ்பூல் குழுவினர் மக்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, காசு கொடுத்து, வாங்கச் சொல்லி, எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்தார்கள். அதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். பரவியது அது இல்லை, ‘பட்டனை மாத்து, கோடி வரும்’ என்பது. நம்ம ஊரில் பட்டனை மாற்றினாலும் பலன் அதே அளவு இருக்காது. இங்கே பெரும்பாலான கடைகளில் பாஸ்வேர்டே கிடையாது, செல்பேசி எண்ணும் ஓடிபியும்தான். இங்கே ஆள் தடுக்கி விழும் இடம் வேறு. ஓடிபி வராமல் போவது, பின்கோடு போட்ட பிறகுதான் கூரியர் செலவு தெரிவது, யூபிஐயில் பணம் போய்விட்டு ஆர்டர் பதிவாகாமல் நிற்பது. அமெரிக்கக் கடையின் நோய்க்கு எழுதிய மருந்துச்சீட்டை நம்ம ஊர்க் கடை வாங்கிச் சாப்பிட்டால் என்ன ஆகும்?

100 மில்லிசெகண்ட்

இந்த எண்ணின் மூலம் கிரெக் லிண்டன். அமேசானின் பரிந்துரை அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். 2006-ல் ஸ்டான்ஃபோர்டில் பேசியபோது, பக்கத்தை வேண்டுமென்றே 100 மில்லிசெகண்ட் படிகளாகத் தாமதப்படுத்திச் சோதித்தோம், விற்பனை குறைந்தது என்றார். அவர் 2000-களின் தொடக்கத்திலேயே அமேசானை விட்டு வந்தவர். அப்படியானால் சோதனை நடந்தது வீடுகளில் டயல்-அப் மோடம் கிர்ரென்று கத்திக்கொண்டிருந்த காலம். அதற்குப் பின்னாலுள்ள தரவு வெளியிடப்படவில்லை. அந்த ஒற்றை வரிதான் இருபது வருஷமாக ஓடுகிறது.

நேர்கோடாக நீட்டிப் பார்த்தால் அபத்தம் தெரியும். 100 மில்லிசெகண்டுக்கு 1% என்றால், 10 நொடி தாமதத்துக்கு 100%. அதாவது ஒருவர்கூட வாங்கக் கூடாது. டயல்-அப் காலத்தில் ஒரு படம் இறங்கவே அவ்வளவு நேரம் ஆகும், அப்போதும் அமேசான் விற்றுக்கொண்டுதான் இருந்தது.

வேகம் முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. மைக்ரோசாஃப்டில் சோதனைக் குழுவை நடத்திய ரான் கோஹாவியும் சகாக்களும் 2014-ல் எழுதிய ஆய்வுரையில், பிங் தேடுபொறியில் 100 மில்லிசெகண்ட் வேகம் கூடினால் வருவாய் 0.6% கூடுவதாகச் சொல்கிறார்கள். இது கோடிக்கணக்கான தேடல்களில் அளந்தது, நம்பலாம். ஆனால் 0.6% என்பது பிங்குக்குப் பெரிய தொகை. மாதம் 120 ஆர்டர் வரும் கடைக்கு ஒரு ஆர்டர்கூட இல்லை. அந்தக் கடைக்காரர் வேகத்துக்காக ஹோஸ்டிங்கை மாற்றி, மாதம் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டினால் நஷ்டம்தான். செல்பேசியில் எடுத்த 4 எம்பி அட்டைப் படத்தை 100 கேபி ஆக்கிப் போட்டால் போதும். அதற்குச் செலவு பூஜ்யம், அதுவே பல நொடிகளைக் குறைக்கும்.

ஜாம்

ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரின் ஆய்வு, 2000-ல் வெளியானது. கலிபோர்னியாவில் மென்லோ பார்க்கில் டிரேகர்ஸ் என்ற கடையில் ஜாம் சுவைக்கும் மேசை போட்டார்கள். சில நேரம் 24 வகை, சில நேரம் 6 வகை. 24 வகை மேசையில் நின்றவர்கள் 145 பேர், பிறகு ஜாம் வாங்கியவர்கள் 4 பேர். 6 வகை மேசையில் நின்றவர்கள் 104, வாங்கியவர்கள் 31. கிட்டத்தட்ட 3% எதிர் 30%. இதை வைத்துத்தான் ‘பட்டியலைச் சுருக்கு’ என்று எல்லோரும் ஆலோசனை சொல்றாங்க.

கதையில் உதிர்ந்துபோகும் ஒரு விவரம் இருக்கு. ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி மாதிரி எல்லோருக்கும் பழக்கமான வகைகளை ஆய்வாளர்கள் மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக. ஆக, இது என்ன வேண்டும் என்று தெரியாதவர்கள் தெரியாத பொருட்களுக்கு நடுவே நின்ற நிலைமை. பத்து வருஷம் கழித்து, 2010-ல், ஷைபெஹென்னும் இருவரும் இது போன்ற 50 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம். சில சோதனைகளில் அதிகத் தேர்வு கெடுதல், சிலவற்றில் நன்மை. 2015-ல் செர்னெவ் குழு செய்த இன்னொரு தொகுப்பாய்வு, எப்போது கெடுதல் என்று பிரித்துக் காட்டியது. வாங்குபவருக்குத் தன் விருப்பம் தெளிவாகத் தெரியாதபோது, பொருட்களை ஒப்பிடுவது கடினமாக இருக்கும்போது, இப்படி.

புத்தகக் கடைக்கு வருவோம். ‘மோகமுள்’ வேண்டும் என்று வருபவருக்குக் கடையில் ஆயிரம் தலைப்பு இருந்தால் என்ன, பத்தாயிரம் இருந்தால் என்ன? அவருக்கு வேண்டியது அந்த ஒன்று இருக்கிறதா என்பது. அவருக்காகப் பட்டியலைச் சுருக்கினால் அவர் தேடி வந்த புத்தகமே காணாமல் போகலாம். அதே கடைக்கு, ‘பத்து வயசுப் பையனுக்கு ஏதாவது வாங்கணும்’ என்று வருபவருக்கு ஆறு புத்தகம் காட்டுவதுதான் சரி. ஒரே கடை, இரண்டு ஆட்கள், இரண்டு பதில். ஸ்லைடில் ஒரு பதில்தான் இருக்கும்.

‘நீங்களே டெஸ்ட் பண்ணிப் பாருங்க’

இதையெல்லாம் சொன்னால் ஆலோசகரின் அடுத்த பதில் தயாராக இருக்கும்: ஏ/பி டெஸ்ட் போடுங்க, உங்க கடையின் தரவே சொல்லும். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. இங்கேதான் சின்னக் கடைகள் அதிகம் ஏமாறுகின்றன என்பது என் எண்ணம்.

புள்ளியியலில் ஒரு கட்டைவிரல் விதி உண்டு. வருபவர்களில் வாங்குபவர்களின் விகிதத்தை, வாங்காதவர்களின் விகிதத்தால் பெருக்கி, அதை 16-ஆல் பெருக்கி, கண்டுபிடிக்க நினைக்கும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுத்தால், ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை பேர் வேண்டும் என்று கிடைக்கும். வழக்கமாக ஏற்றுக்கொள்ளும் 80% திறன், 5% பிழை அளவுக்கான விதி இது. வருபவர்களில் 2% பேர் வாங்கும், நாளைக்கு 200 பேர் வரும் கடைக்குப் போட்டுப் பார்த்தேன்.

- 2% என்பது 3% ஆகியிருக்கிறதா என்று அறிய: பக்கத்துக்கு 3,136 பேர். மொத்தம் சுமார் 31 நாள்.
- 2% என்பது 2.2% ஆகியிருக்கிறதா என்று அறிய: பக்கத்துக்கு 78,400 பேர். மொத்தம் 784 நாள். இரண்டு வருஷத்துக்கு மேல்.
- 2% என்பது 2.1% ஆகியிருக்கிறதா என்று அறிய: பக்கத்துக்கு 3,13,600 பேர். எட்டரை வருஷம்.

பட்டன் நிறம், தலைப்பு வாசகம் மாதிரி விஷயங்கள் தரும் வித்தியாசம் பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது வரிசையில்தான் இருக்கும். ஆக, இரண்டு வாரம் டெஸ்ட் ஓட்டிவிட்டு ‘பச்சைப் பட்டன் 18% அதிகம்’ என்று வரும் அறிக்கை, நாணயம் சுண்டிப் பார்த்ததற்குச் சமம். மைக்ரோசாஃப்ட் மாதிரி இடத்திலேயே சோதித்த யோசனைகளில் மூன்றில் ஒரு பங்குதான் நினைத்த பலனைத் தந்தது, இன்னொரு பங்கு கெடுதல் செய்தது என்று கோஹாவி எழுதியிருக்கிறார். அவர்களாவது கெடுதல் எது என்று அளந்து கண்டுபிடித்துவிடுவார்கள். நாளைக்கு இருநூறு பேர் வரும் கடையில் அது தெரியவே தெரியாது.

விளம்பரம்

மார்க்கெட்டிங் பக்கம் நான் மதிக்கும் ஆய்வு ஒன்று உண்டு. ஈபே நிறுவனத்துக்குள்ளேயே பிளேக், நோஸ்கோ, தாடெலிஸ் மூவரும் செய்தது, 2015-ல் எகனாமெட்ரிகா இதழில் வந்தது. 2012 மார்ச்சில், ‘ஈபே’ என்ற பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டிய கட்டண விளம்பரத்தை யாஹூவிலும் எம்எஸ்என்னிலும் நிறுத்திப் பார்த்தார்கள். போன வருகையில் 99.5% இலவசத் தேடல் முடிவு வழியாகவே திரும்பி வந்துவிட்டது. ஏற்கெனவே கடைக்கு வந்துகொண்டிருந்தவரிடம், வாசலில் ஆள் நிறுத்திக் காசு கொடுத்துக் கூப்பிட்டது மாதிரிதான் இத்தனை நாள் நடந்திருக்கிறது. அடுத்து, மற்ற சொற்களுக்கான விளம்பரங்களையும் அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் நிறுத்தி ஒப்பிட்டார்கள். அடிக்கடி வாங்குபவர்களிடம் விளம்பரத்தால் பலனே இல்லை. புதியவர்கள், எப்போதாவது வருபவர்கள், இவர்களிடம் மட்டும் பலன் இருந்தது.

இதைக் காட்டி ‘விளம்பரமே வேஸ்ட்’ என்று சொல்பவர்களும் இருக்காங்க. அதுவும் தப்பு. ஈபேயை எல்லோருக்கும் தெரியும், உங்கள் கடையைத் தெரியாது. உங்களுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் புதியவர்கள்தான். ஆய்வு சொல்வது, விளம்பர டேஷ்போர்டில் ‘இந்த விளம்பரத்தால் இத்தனை விற்பனை’ என்று காட்டும் எண்ணை அப்படியே நம்பாதே என்பது. விளம்பரம் இல்லாமலே வந்திருக்கக்கூடிய ஆளையும் அது தன் கணக்கில்தான் எழுதிக்கொள்ளும். ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள், அல்லது கோவைக்கு மட்டும் நிறுத்தி மதுரைக்கு ஓட்டிப் பாருங்கள். நுணுக்கமான வித்தியாசம் தெரியாது, ஆனால் பெரிய ஓட்டை இருந்தால் தெரியும்.

அதற்கும் முன்னால் ஒரு பெருக்கல் கணக்கு. ஒரு கிளிக்குக்கு 5 ரூபாய், வருபவர்களில் 2% பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆர்டருக்கு 50 கிளிக், 250 ரூபாய் விளம்பரச் செலவு. புத்தகம் 300 ரூபாய், கடைக்காரருக்கு 30% கழிவு என்றால் அவர் கைக்கு வருவது 90 ரூபாய். ஒவ்வொரு ஆர்டரிலும் 160 ரூபாய் கையை விட்டுப் போகிறது. விற்பனை ஏற ஏற நஷ்டமும் ஏறும். வாங்கியவர் விளம்பரம் இல்லாமல் இன்னும் இரண்டு முறை வந்து அதே அளவு வாங்கினால்தான் கட்டுப்படியாகும். அப்படியானால் மார்க்கெட்டிங் என்பது அவரைத் திரும்ப வரவைக்கும் வேலை. சரியாகப் பொட்டலம் கட்டுவது, சொன்ன நாளில் சேர்ப்பது, அவர் வாங்கிய எழுத்தாளரின் அடுத்த புத்தகம் வந்ததும் ஒரு வாட்ஸப் செய்தி, இவைதான்.

அவசரப்படுத்துகிற வித்தை

‘இன்னும் 2 மட்டுமே!’, ‘சலுகை முடிய 09:59’, இந்த மாதிரி பிளகின்களை இன்றும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். இரண்டுதான் இருக்கிறது என்பது உண்மையானால் போடலாம். பொய்யாகப் போட்டால் அது இந்தியாவில் சட்ட விஷயம். 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ‘டார்க் பேட்டர்ன்’ வித்தைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. போலி அவசரம், கேட்காத பொருளை கார்ட்டில் நுழைப்பது, கடைசிப் பக்கத்தில் மட்டும் கூடுதல் கட்டணம் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. 2020-ன் மின்வணிக விதிகளிலேயே, முன்கூட்டியே டிக் செய்த சம்மதப் பெட்டி கூடாது என்று இருக்கிறது. ‘விற்பனையைக் கூட்டும் 10 உத்திகள்’ வகைக் கட்டுரைகளில் பாதி இந்த விதிகளுக்கு முந்தைய அமெரிக்கக் கட்டுரைகளின் மறுபதிப்பு. அவற்றைப் படிக்கும்போது தேதியைப் பாருங்கள்.

அப்போ என்னதான் செய்வது?

சோதனை தேவைப்படாத வேலைகள் நிறைய இருக்கு. தமிழ்ப் புத்தகக் கடைகளில் எனக்குக் கண்ணில் படும் முதல் விஷயம் தேடல் பெட்டி. ‘மோகமுள்’ என்று சேர்த்துத் தேடினால் இல்லை, ‘மோக முள்’ என்று பிரித்தால் இருக்கிறது. ‘கி.ரா’, ‘கி. ராஜநாராயணன்’, ‘கி ராஜநாராயணன்’ மூன்றும் தேடலுக்கு மூன்று ஆட்கள். ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் எத்தனையோ பேர், அவர்களுக்குப் பல கடைகளில் வெறும் பக்கம்தான். கண்ணுக்குத் தெரியாத சிக்கலும் உண்டு. ‘கொ’ என்பதில் வரும் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், நிரலுக்கு வேறு வேறு. ‘ஸ்ரீ’யையும் இரண்டு விதமாக எழுத முடியும். கொம்பு-கால் சிக்கலுக்கு யூனிகோட் நார்மலைசேஷன் என்ற ஒரு வரி நிரல் போதும். ஸ்ரீ, புள்ளி, இடைவெளி, ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆகியவற்றுக்கு ஒரு சின்ன அட்டவணை.

தேடிக் கிடைக்காமல் போன சொற்களின் பட்டியலை வாரம் ஒருமுறை எடுத்து வாசித்தால் போதும். கடையில் இருக்கும் புத்தகத்தை ஒருவர் தேடி, ‘இல்லை’ என்று பதில் வாங்கிப் போயிருக்கிறார் என்றால், அதைச் சரிசெய்ய 78,400 பேர் தேவையில்லை. ஒருவர் போதும்.

அடுத்தது கூரியர் செலவு. கார்ட்டை விட்டுப் போகிறவர்களைப் பற்றிப் பல வருஷமாகத் தொகுத்துவரும் பேமார்ட் நிறுவனத்தின் ஆய்வுகளில் சராசரி சுமார் 70%. சும்மா பார்க்க வந்தவர்களைக் கழித்துவிட்டுக் காரணம் கேட்டால் வருஷா வருஷம் முதலிடம் கூடுதல் செலவுக்குத்தான். அதைப் புத்தகத்தின் பக்கத்திலேயே, விலைக்குக் கீழே எழுதிவிடலாம். மூன்றாவது, இருப்பு. புத்தகம் கையில் இருக்கிறதா, பதிப்பகத்திலிருந்து வரவழைக்க வேண்டுமா, எத்தனை நாள் ஆகும் என்று உள்ளபடி சொல்வது. நான்காவது, கேஷ் ஆன் டெலிவரி. ஆர்டர் வந்ததும் விற்பனை என்று எழுதாமல், பணம் வந்ததும் எழுதுவது. திரும்பி வந்த பொட்டலத்துக்குப் போகவும் வரவும் இரண்டு கூரியர் செலவு. அதைக் கழித்தால்தான் எந்த ஊர், எந்த வகை ஆர்டர் லாபம் என்று தெரியும்.

இதில் எதுவும் ஸ்லைடில் போடும்படி இருக்காது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஆர்டர் கூட்டினால் அதிகம். ஆனால் மாதம் 120 ஆர்டர் வரும் கடையில் நாலு இடத்தில் மூன்று மூன்றாகக் கூடினால் 132. அதற்கு விளம்பரத்துக்குக் கொடுத்த 250 ரூபாய் இல்லை. அடுத்த முறை யாராவது முப்பது கோடி டாலர் பட்டன் கதையோடு உங்கள் கடைக்கு வந்தால், அவரை உட்கார வைத்து, உங்கள் கடையிலேயே ஒரு புத்தகம் தேடி வாங்கச் சொல்லுங்கள். ஸ்பூல் செய்ததும் அதுதான்.